விரலை எடுத்த பிறகும் அணையாத எல்.இ.டி

நான்காவது மாலைதான் சரியாக வந்தது. பொத்தானை அழுத்தினால் என் இ-சிகரெட் பெட்டியின் மேல்முகத்தில் சின்னச் சிவப்புப் புள்ளி எரிகிறது, விரலை எடுத்தால் அந்த நொடியே அணைகிறது. சொன்னால் ஒரு வரிதான். அதற்காக மூன்று மாலைகள் தப்பான இடங்களில் ஈயம் வைத்து வைத்து எடுத்தேன், மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சை மாற்றினேன், மாதக்கணக்கில் பெட்டிக்குள் ஒளிந்திருந்த ஒரு பழுதையும் பிடித்தேன். மறந்து போவதற்குள் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் யாருக்காவது என்னுடைய மூன்று மாலைகளும் மிச்சமாகட்டும்.

பொருள், நானே கட்டிய ஒரு இ-சிகரெட். அலுமினிய வார்ப்புப் பெட்டி ஒன்று. அதற்குள் ஒரு 18650 லித்தியம் செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளை. அதற்கு ஒரு ஹோல்டர், அழுத்தினால் மட்டும் இணையும் ஒரு பொத்தான், கேட் என்ற காலில் வோல்ட் வந்தால் டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே வழி திறக்கும் ஒரு மாஸ்ஃபெட், மேலே திரவம் நிரப்பும் டேங்கைத் திருகி மாட்டும் 510 இணைப்பி. டேங்குக்குள் பஞ்சில் ஊறும் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளான காயில் 1.5 ஓம். இணைப்பு முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்பியது. செல்லின் பிளஸ் நேராக 510-இன் நடு முனைக்குப் போகிறது. அங்கிருந்து காயில். காயிலின் மறுமுனை, 510-இன் வெளி மரை வழியாகப் பெட்டியின் உடலுக்கு வருகிறது. உடலிலிருந்து மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸிலிருந்து செல்லின் மைனஸ். பொத்தான் வழியாக வருவது கேட்டுக்கான சின்ன மின்னோட்டம் மட்டும். ஆகவே பெட்டியின் உடல் மைனஸ் இல்லை. இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லிக்கொள்ள வேண்டும். நான் சொல்லிக்கொள்ளவில்லை, ஒரு மாலை போனது.

விளக்கு எதற்கு? ஒரு நாள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மேசையில் வைத்தேன். அரை நிமிடம் போயிருக்கும், பஞ்சு கருகும் வாடை வந்தது. டேங்கைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. மூடியைத் திறந்து செல்லை உருவி எடுத்தேன். அழுத்தாமலே காயில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது, அது எரிகிறது என்று சொல்ல அந்தப் பெட்டியில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. வாடை வந்ததால் தெரிந்தது. நான் பக்கத்து அறைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அன்று இரவு படுத்தேன். பொத்தானுக்குள் திரவம் கசிந்து ஒட்டிக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி மாட்டினேன். அதன் பிறகு அப்படி நடக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு விளக்கு இல்லாமல் இனி இதைக் கையில் எடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

முதல் மாலை. கையில் இருந்தது ஒரு 3 மில்லிமீட்டர் நீல எல்.இ.டி. பொத்தானிலிருந்து கேட்டுக்குப் போகும் கம்பிதான் எட்டுவதற்கு எளிதாக இருந்தது. பொத்தான் முனையிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், அதன் பின் எல்.இ.டியின் நீளமான கால், குட்டைக் காலிலிருந்து செல்லின் மைனஸ். அழுத்தினால் எரிந்தது, அழகாகவும் இருந்தது. அப்போதுதான் சார்ஜ் போட்டு எடுத்த செல், 4.15 வோல்ட்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் தெரியவே இல்லை. எல்.இ.டி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு நீலத்தை வைத்தேன், அதுவும் அப்படியே. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். எடுத்தவுடன் செய்திருக்க வேண்டிய வேலை அது. அழுத்தும்போது செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. நீல எல்.இ.டி எரியவே ஏறத்தாழ 3 வோல்ட் கேட்கும். மிச்சம் 0.3 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 3 மில்லி ஆம்பியர், செல் இன்னும் இறங்க இறங்க அதுவும் இல்லை. ஒற்றை லித்தியம் செல்லில் நீலமும் வெள்ளையும் இந்த வேலைக்குச் சரிப்படாது. சிவப்புக்கு 1.9 வோல்ட் போதும், செல் காலியாகும் வரை இடம் இருக்கிறது. 4.2 வோல்ட்டில் 220 ஓம் வைத்தால் சுமார் 10 மில்லி ஆம்பியர், 3.2-இல் சுமார் 6. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிவப்பு-சிவப்பு-பழுப்பு வளையம் போட்ட ரெசிஸ்டரை எடுத்து மாற்றினேன். சிவப்பு எரிந்தது, அடுத்த நாளும் அதே அளவில் எரிந்தது.

பெட்டியில் துளை போட்டதும் அன்றுதான். இந்த இடத்தை யாரும் விவரமாக எழுதுவதில்லை, எனக்கோ அதிக நேரம் பிடித்ததே இதுதான். முதலில் செல்லை வெளியே எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். அலுமினியச் சீவல் ஒன்று ஹோல்டருக்குள் விழுந்தாலே போதும். பெட்டியின் உட்புறம் முழுக்கப் பேப்பர் டேப் ஒட்டி மூடினேன். மேல்முகத்தில், 510-இன் மையத்திலிருந்து 14 மில்லிமீட்டர் தள்ளிக் குறி வைத்து, சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. அந்தத் தட்டு இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கி மேல்முகம் முழுக்கக் கோடு இழுத்துவிடும். முதலில் 2 மில்லிமீட்டர், பிறகு 3. மூன்று மில்லிமீட்டர் எல்.இ.டி மூன்று மில்லிமீட்டர் துளையில் போகவில்லை. அழுத்தித் திணித்தால் கண்ணாடி போன்ற அந்தத் தலை கீறிவிடும். 3.2 போட்டதும் சறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, கீழ் விளிம்பு உட்புறத்தில் தடுத்து நின்றது. துளையின் உள்விளிம்பில் நிற்கும் கூரான பிசிறை, ஒரு பெரிய டிரில் முனையை வெறும் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி நீக்கினேன். அந்தப் பிசிறை விட்டால் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை, அதாவது காலை மூடும் சூட்டில் சுருங்கும் உறையைக் கிழித்து, எல்.இ.டியின் காலைப் பெட்டியின் உடலோடு சேர்த்துவிடும்.

எல்.இ.டியின் கால்களை 8 மில்லிமீட்டருக்கு நறுக்கி, 24 கேஜ் சிலிக்கான் கம்பியைச் சேர்த்தேன். நறுக்கினால் எது நீளக் கால் என்று தெரியாமல் போய்விடும். விளிம்பில் தட்டையாகச் சீவிய பக்கம்தான் மைனஸ் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரின் டயோடு நிலையில் தொட்டால் அது லேசாக எரிந்து காட்டிவிடும். சால்டரிங் அயர்ன் 330 டிகிரியில். தலைக்கும் ஈயம் படும் இடத்துக்கும் நடுவில் காலை ஒரு ட்வீசரால் கவ்விப் பிடித்துக்கொண்டேன், சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு கால்தான், இரண்டு நொடிதான், பிறகு ஆற விட வேண்டும். முதல் நீலத்தில் இந்தப் பொறுமை எனக்கு இல்லை, கால் பிளாஸ்டிக்குக்குள் ஆடத் தொடங்கிவிட்டது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். படம் எடுத்து நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். தொழிற்சாலைப் பராமரிப்பில் இருப்பவன். உடனே கூப்பிட்டான்.

"லைட்டை எங்கடா எடுத்திருக்க?"

"பொத்தான்லருந்து."

"அப்ப அது பொத்தான் அழுத்தியிருக்கான்னுதானே சொல்லும்? காயில் எரியுதான்னு யார் சொல்றது?"

"ரெண்டும் ஒண்ணுதானேடா."

"ரெண்டும் ஒண்ணா இருக்கிற வரைக்கும் உனக்கு லைட்டே தேவையில்லையே."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் டிரெயினும் சோர்ஸும் ஒட்டிக்கொண்டுதான் கெடும். அப்படி ஆனால் பொத்தானை யாரும் தொடாமலே காயில் எரியும், என் சிவப்பு விளக்கு அணைந்தே இருக்கும். எதற்குப் பயந்து விளக்கு வைத்தேனோ அந்த நேரத்தில் பார்த்து அது சும்மா இருக்கும். விளக்கைக் காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே வைக்க வேண்டும்.

இரண்டாவது மாலை. எல்.இ.டியின் மைனஸ் கம்பி ஏற்கெனவே செல்லின் மைனஸில் ஈயம் வைத்து இருந்தது. அதைத் தொடாமல், ரெசிஸ்டர் பக்கக் கம்பியை மட்டும் பொத்தானிலிருந்து எடுத்து, காயில் வந்து சேரும் இடமான பெட்டியின் உடலில் வைத்தேன். "காயிலில் ஒரு கால் வைத்துவிட்டோம்" என்பதுதான் மனதில் ஓடியது. செல்லை மாட்டினேன். பொத்தானைத் தொடவே இல்லை, விளக்கு எரிந்தது. அழுத்தினேன், அணைந்தது. விட்டேன், மறுபடி எரிந்தது.

கொஞ்ச நேரம் அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு தாளில் வரைந்தபோது புரிந்தது. நான் விளக்கைக் காயிலுக்குக் குறுக்கே வைக்கவில்லை, மாஸ்ஃபெட்டுக்குக் குறுக்கே வைத்திருக்கிறேன். மாஸ்ஃபெட் மூடியிருக்கும்போது செல்லின் பிளஸ் காயில் வழியாக வந்து, எல்.இ.டி வழியாக மைனஸுக்குப் போகிறது. பத்து மில்லி ஆம்பியர் என்பதால் காயிலுக்கு ஒன்றும் ஆகாது, விளக்கு மட்டும் எரியும். அழுத்தினால் டிரெயின் மைனஸுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், விளக்குக்கு வோல்ட் இல்லை. டேங்கைக் கழற்றிப் பார்த்தேன், சொன்னபடியே அணைந்தது. ஒரு விதத்தில் இது காயில் அறுந்திருக்கிறதா என்று காட்டும் விளக்கு. ஆனால் 8 மில்லி ஆம்பியர் இடைவிடாமல் குடித்தால் 2500 மில்லி ஆம்பியர்-மணி செல் பதின்மூன்று நாளில் தானாகவே காலி. லித்தியம் செல்லை அப்படி அடிமட்டம் வரை வடிய விடவே கூடாது. கழற்றினேன்.

சரியான இணைப்பு இது: செல்லின் பிளஸிலிருந்து 220 ஓம், அங்கிருந்து எல்.இ.டியின் பிளஸ் கால், மைனஸ் காலிலிருந்து பெட்டியின் உடல், அதாவது டிரெயின். செல்லின் மைனஸோடு விளக்குக்கு எந்த உறவும் இல்லை. பெட்டி அலுமினியம் என்பதால் உடலில் நேராக ஈயம் ஒட்டாது. 510-இன் நட்டுக்கு அடியில் ஒரு வளைய டெர்மினலை மாட்டி, அதில் ஈயம் வைத்தேன்.

செல்லை மாட்டினேன். விளக்கு அணைந்திருந்தது. அழுத்தினேன், எரிந்தது. ஆனால் மங்கலாக. பொத்தான் பக்கத்தில் இருந்தபோது விரல் நுனி சிவக்கும் அளவுக்கு எரிந்த அதே எல்.இ.டி, அதே ரெசிஸ்டர், இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நேரமும் ஆகிவிட்டது. ஈயம் சரியில்லை என்று நான்கு இடங்களையும் மறுபடி உருக்கி வைத்தேன். மாற்றமில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்றாவது மாலை நேராக மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் அளக்க முடியாது என்பதால் கறுப்பு முனையை முதலை கிளிப்பால் கவ்விவிட்டேன். அழுத்தும்போது செல்லின் இரு முனைகளுக்கு நடுவே 3.8 வோல்ட். காயிலுக்குக் குறுக்கே 2.5 வோல்ட். அந்த இரண்டு எண்களையும் தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, நடுவில் காணாமல் போன 1.3 வோல்ட்டைத் தேடினேன். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே வைத்தேன், அங்கே இருந்தது. மாஸ்ஃபெட்டின் முதுகைத் தொட்டேன், உடனே கையை எடுத்துக்கொண்டேன். 1.7 ஆம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட் என்றால் 2 வாட்டுக்கு மேல், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இல்லாத அந்தத் துண்டுக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறது.

விளக்கில் ஒரு குறையும் இல்லை. காயிலுக்குக் கிடைத்ததை அது அப்படியே காட்டியிருக்கிறது. நான் ஆரம்பத்தில் போட்டிருந்த மாஸ்ஃபெட் ஐ.ஆர்.எஃப்.இசட் 44 என். எங்கும் கிடைக்கும், நல்ல உருப்படிதான், 12 வோல்ட் வேலைகளுக்கு நான் எப்போதும் எடுப்பது அதுதான். ஆனால் அதன் கேட் திறக்கத் தொடங்கவே 2 முதல் 4 வோல்ட் வரை வேண்டும், முழுதாகத் திறந்த நிலைக்கான தடையை டேட்டாஷீட்டில் 10 வோல்ட்டில்தான் கொடுத்திருப்பார்கள். ஒற்றைச் செல்லின் 3.8 வோல்ட்டில் அது பாதிதான் திறக்கும். கட்டிய நாளிலிருந்தே புகை கொஞ்சம் குறைச்சல் என்று தோன்றும். திரவத்தைக் குறை சொல்லியிருக்கிறேன், பஞ்சைக் குறை சொல்லியிருக்கிறேன், காயிலைப் பலமுறை திருப்பிச் சுற்றியிருக்கிறேன். மங்கலான ஒரு விளக்கு வந்து சொல்லும் வரை மாஸ்ஃபெட் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ஒற்றைச் செல் பெட்டிகளுக்குப் பலரும் போடும் ஐ.ஆர்.எல்.பி 3034 ஒன்று என்னிடம் இருந்தது. இது குறைந்த கேட் வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் லாஜிக்-லெவல் வகை, 4.5 வோல்ட் கேட்டிலேயே தடை 2 மில்லி ஓமுக்கு மேல் போகாது. பழையதை எடுப்பதுதான் சிரமம். மூன்று கால்களையும் முதலில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டாக உருக்கி எடுத்தேன். ஒட்டுமொத்தமாக உருக்கி இழுக்கப் போனால் பக்கத்துக் கம்பிகளின் உறை சுருண்டுவிடும். புதியதை வைத்து அளந்தேன். செல் 3.75, காயில் 3.70. மாஸ்ஃபெட் குளிர்ந்தே இருந்தது. காயிலுக்கு 4 வாட் போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது 9 வாட். விளக்கும் பளிச்சென்று எரிந்தது.

அன்றைக்கு அங்கேயே முடித்திருப்பேன். ஏதோ ஒரு திருப்திக்காக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, பத்துப் பன்னிரண்டு முறை பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ, விரலை எடுத்தேன், விளக்கு அணையவில்லை.

என் விரல் பொத்தான் மேல் இல்லை. பொத்தான் மேலே எழும்பி நிற்கிறது, கண்ணால் பார்க்கிறேன். சிவப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. செல்லை உருவினேன். இதயம் அடித்துக்கொண்டது. முன்பு பஞ்சு கருகிய நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. அன்று வாடையில் தெரிந்தது, இன்று வெளிச்சத்தில் தெரிந்தது.

காயிலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை மாட்டினேன். இதைச் சோதனைக்கு என்று முதல் நாளே எடுத்து வைத்திருக்க வேண்டும், பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். மறுபடி முயன்றேன். சில முறை ஒழுங்காக அணைந்தது, சில முறை எரிந்துகொண்டே நின்றது. எரியும்போது மரக்குச்சி ஒன்றால் உள்ளே ஒவ்வொரு கம்பியாக மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். பொத்தான் கம்பி, ஒன்றுமில்லை. கேட் கம்பி, ஒன்றுமில்லை. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் இருக்கும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொட்டதும் பட்டென்று அணைந்தது.

மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு சின்ன மின்தேக்கி போல. பொத்தான் வழியாக அதில் ஏறிய மின்னூட்டம், பொத்தானை விட்டதும் தானாக இறங்காது. இறங்குவதற்கு ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் இந்த 15 கிலோ ஓம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சோர்ஸ் பக்கக் கால் ஈயத்துக்குள் நிற்கிறது, ஆனால் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல். ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கட்டிய அன்றே கம்பி சூடாவதற்குள் ஈயத்தை வைத்திருக்கிறேன், ஆறும்போது அசைத்தும் இருக்கலாம். தொடும்போது தொடும், தொடாதபோது தொடாது. மாஸ்ஃபெட்டை மாற்றும்போது கொடுத்த சூட்டிலும் இழுப்பிலும் அது இன்னும் கொஞ்சம் விட்டுவிட்டது.

பஞ்சு கருகிய அன்று பொத்தான் ஒட்டிக்கொள்ளவே இல்லை. இந்த விரிசல்தான். பொத்தானைக் கழுவியபோது உள்ளே கம்பிகள் அசைந்து தற்செயலாகச் சேர்ந்திருக்கும், நான் கழுவியதால் சரியானது என்று நம்பிவிட்டேன். இதைவிட என்னை அதிகம் உலுக்கியது வேறு ஒன்று. முதல் மாலை விளக்கைப் பொத்தானிலிருந்து மைனஸுக்கு வைத்தேனே, அப்போது அந்த எல்.இ.டியே கேட்டுக்கு இறங்கும் வழியாக வேலை செய்திருக்கிறது. கேட்டில் தங்கிய மின்னூட்டம் ரெசிஸ்டர் வழியாகப் போக முடியாதபோது விளக்கு வழியாகப் போயிருக்கிறது. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே பழைய மாஸ்ஃபெட் மூடிக்கொள்ளும், சிவப்பு எல்.இ.டி அது வரைக்கும் இறக்கிவிடும். பழுதைக் காட்டவென்று வைத்த விளக்கு, அந்த இடத்தில் இருந்தபடி பழுதை மறைத்துக்கொண்டிருந்தது. நண்பன் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்திருப்பேன்.

பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, காலை மெல்லிய மணல்தாளால் தேய்த்து, ஈயம் நன்றாகப் பரவ உதவும் பிளக்ஸைத் தடவி, கம்பியை முதலில் சூடாக்கிப் பிறகு ஈயத்தைக் கொடுத்தேன். ஈயம் காலைச் சுற்றி ஓடிப் பரவி, ஓரத்தில் உள்வளைந்து நின்றது. பழையது உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். போதாதென்று இன்னொரு 15 கிலோ ஓமையும் பொத்தான் பக்கத்திலிருந்து மைனஸுக்குத் தனியாக வைத்தேன். ஒன்று விட்டாலும் இன்னொன்று இருக்கும்.

நான்காவது மாலை மெருகு வேலையும் சோதனையும். இருட்டில் 220 ஓம் கண்ணைக் குத்தியது, 470 ஓம் வைத்தேன். 5 மில்லி ஆம்பியருக்குள், பகலிலும் தெரிகிறது. எல்.இ.டியின் தலையை 600 நம்பர் நீர்த்தாளில் லேசாகத் தேய்த்தேன். முன்பு நேர் மேலிருந்து பார்த்தால் மட்டும் பளிச்சென்று தெரிந்தது, இப்போது மேசையில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. ஓர் ஆபத்தைச் சொல்லும் விளக்கு பக்கவாட்டிலிருந்தும் தெரிய வேண்டும், ஆகவே இந்த இரண்டு நிமிட வேலையை விடாதீர்கள். உட்புறம் ஒரு சொட்டு எபாக்ஸி. ஐந்து நிமிட எபாக்ஸி இறுகும் வரை பெட்டியைத் தலைகீழாக வைத்திருந்தேன்.

பிறகு, எதற்காக இதெல்லாம் செய்தேனோ அந்தச் சோதனை. காயிலுக்குப் பதில் 10 ஓம் ரெசிஸ்டர். பொத்தானைத் தொடாமல், டிரெயினையும் சோர்ஸையும் ஒரு கம்பித் துண்டால் ஒரு நொடி சேர்த்தேன், மாஸ்ஃபெட் ஒட்டிக்கொண்டு கெட்டால் எப்படியோ அப்படி. சிவப்பு எரிந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் எரிந்தது.

இந்த விளக்குக்குத் தெரியாதவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, காயில் அறுந்திருந்தாலும் அழுத்தினால் விளக்கு எரியும். அது காட்டுவது முனைகளில் வோல்ட் வந்ததா என்பதை மட்டும்தான், மின்னோட்டத்தை அல்ல. இதனால் ஆபத்தில்லை, விட்டுவிட்டேன். இரண்டாவது அப்படி விட முடியாதது. செல்லைத் தலைகீழாக மாட்டினால் என்ன ஆகும் என்று அதே 10 ஓமை வைத்துப் பார்த்தேன். பொத்தானைத் தொடவில்லை, விளக்கு எரியவில்லை, ரெசிஸ்டர் மட்டும் சூடாகிக்கொண்டே போனது. மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டயோடு உண்டு. செல் தலைகீழானால் அதன் வழியாக மின்னோட்டம் தாராளமாகப் போகும், கேட் அதைத் தடுக்க முடியாது. எல்.இ.டி எதிர்த் திசையில் இருப்பதால் இருட்டாகவே இருக்கும். உண்மையான காயில் இருந்திருந்தால் செல்லைப் போட்ட நொடியிலிருந்து எரியும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று பிளஸ் கம்பியில் இருக்கிறது, ஆனால் அது ஷார்ட் ஆனால்தான் போகும். இங்கே ஓடுவது 2 ஆம்பியர், அதற்கு ஃப்யூஸ் அசையாது.

இப்போதைக்கு ஹோல்டரின் பிளஸ் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை எபாக்ஸியால் ஒட்டியிருக்கிறேன். செல்லின் மேடான முனை நடுவில் போய்த் தொடும், தட்டை முனை பட்டைகளில் முட்டி நின்றுவிடும். தலைகீழாக மாட்டிப் பார்த்தேன், தொடவில்லை. மேல்முனையும் தட்டையாக இருக்கும் செல்லை வாங்கினால் இது உதவாது, மேடு உள்ள செல்தான் வேண்டும்.

செலவென்று பார்த்தால் எல்.இ.டிகளும் ரெசிஸ்டர்களும் சில்லறைக் காசு. மாஸ்ஃபெட் அதைவிடக் கொஞ்சம் அதிகம், அதுவும் விளக்குக்கான செலவு என்று சொல்ல முடியாது. போனது நேரம்தான். அடுத்த பெட்டிக்கு முதலில் 10 ஓம் ரெசிஸ்டரை மேசையில் வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். சுற்றைத் தாளில் வரைந்து, விளக்கின் இரண்டு கால்களும் எங்கே போகின்றன என்று பென்சிலால் குறித்த பிறகே அயர்னைச் சூடாக்குவேன். விளக்கைப் பெட்டி கட்டும்போதே வைப்பேன், கடைசியில் அல்ல. முதல் நாளே காயிலுக்குக் குறுக்கே ஒரு விளக்கு இருந்திருந்தால் பொருந்தாத மாஸ்ஃபெட்டும் விரிந்த ஈயமும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தலைகீழ்ச் செல்லுக்கான நிரந்தர வழியும் கையில் வந்துவிட்டது. இரண்டே கால் உள்ள இருநிற எல்.இ.டி. ஒரு திசையில் மின்னோட்டம் போனால் சிவப்பு, மறு திசையில் போனால் பச்சை. காயிலுக்குக் குறுக்கே வைத்தால், ஒழுங்காக எரியும்போது சிவப்பு காட்டும், செல் திரும்பியிருந்தால் போட்டவுடன் பச்சை காட்டும். இதுவும் 3 மில்லிமீட்டர்தான், 3.2 துளை அப்படியே போதும். எபாக்ஸியைச் சுரண்டி எடுத்து, இரண்டே இடத்தில் ஈயம் வைக்க வேண்டும். இந்த வார இறுதியில் மாற்றுகிறேன்.